வளர்ப்பு நாயும் வளர்ப்பார் கடனும்

பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளியல்பை விரித்துரைக்கும் சைவ சித்தாந்த நூல்கள், உயிர்கள் எண்ணிறந்தன என்றும், அவை தத்தம் வினைக்கேற்ப நால்வகைத் தோற்றத்தும் எழுவகைப் பிறப்பினும் புகுந்து உழல்வன என்றும், உடம்பு பற்றி வேற்றுமை காணப்படினும் பசுவாந்தன்மையில் அவை வேறுபடுவனவல்லவென்றும் கூறும். இவ்வுண்மையை நாம் நாடோறும் ஓதுகின்றோம். ஓதியதனை நம் வீட்டு வாயிலிற் கிடக்கும் நாயினிடத்து வைத்து நோக்குகின்றோமா என்பது வினாவத்தக்கது. நகரங்களினும் சிற்றூர்களினும் நாய் வளர்த்தல் பெருவழக்காயிருக்கும் இக்காலத்தே, அதனை வளர்க்கப் புகுந்தானொருவனுக்கு அந்நாயின்பாலும், அது காரணமாக அயலார்பாலும் உண்டாகுங் கடன் யாதென்பதனை நம் நூனெறி கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

நாய் வளர்த்தல் உலகியலாகலின் அதனை ஊராட்சியாரும் கால்நடை மருத்துவரும் நோக்கியமைவர்; சித்தாந்த ஆராய்ச்சிக்கு அதனோடு இயைபென்னையெனின், கூறுதும். உடைமை என்பது யாது, ஓருயிர்க்கு வருந் துன்பத்திற்கு மற்றோருயிர் எவ்வளவிற் பொறுப்பாம், நன்று தீது பகுத்தறியமாட்டாததன் செயலால் விளையுந் தீங்கு யாரைச் சாரும் என்னும் மூன்று வினாக்களும் இவ்வொரு பொருளில் அடங்கிக்கிடக்கின்றன. இவை மூன்றும் சித்தாந்த வினாக்களேயாமென்க.

முதற்கண் உடைமையை ஆராய்வாம். "இஃது என் நாய்" என்று ஒருவன் கூறுங்கால், என் குடை, என் நிலம் என்றாற்போல அச்சொல்லைக் கொள்ளலாகாது. குடையும் நிலமும் சடம். நாயோ தனு, கரண, புவன, போகங்களைத் தன் வினைக்கீடாக இறைவன்பாற் பெற்றுவந்த ஓருயிர். அவ்வுடம்பு அவ்வுயிரின் மலநீக்கத்தின்பொருட்டு அளிக்கப்பட்டதன்றி, நம்முடைய காவலின்பொருட்டாதல் களிப்பின்பொருட்டாதல் அளிக்கப்பட்டதன்று. எல்லாவுயிரையும் ஆளாகவுடையான் சிவபெருமான் ஒருவனே. ஆகவே விலைகொடுத்து வாங்கியவிடத்தும், நாயின்மாட்டு நமக்குள்ளது உபசாரத்தால் உடைமையெனப்படுவதன்றி, உண்மையில் இடையே ஏற்றுக்கொண்ட காப்பேயாம். அடைக்கலப் பொருளை ஏற்றவன் அதனைத் தன் மனம்போனவாறு அழித்தற்கு உரியனல்லன். அடைக்கலமாக வந்தது உயிராயின் அவ்வுரிமையின்மை இன்னும் வலிதாதல் சொல்லாமே அமையும்.

காப்பேற்றல் இத்தன்மைத்தென்பதற்குச் சண்டேசுர நாயனார் வரலாறு சான்றாம். திருச்சேய்ஞலூரில் விசாரசருமராய் அவதரித்த அவர், தன்னை முட்டவந்த பசுவை ஆயன் கோலாற் புடைத்தலைக் கண்டு, இரங்கி அவனை விலக்கியதோடமையாது, அந்நிரையை மேய்க்குந் தொழிலைத் தாமே ஏற்றுக்கொண்டார் என்பது திருத்தொண்டர் புராணத்தால் அறியப்படும். ஏற்றபின் புல்லுள்ள இடம் நாடி மேய்த்தலும், நன்னீரூட்டலும், வெயிற்பொழுதில் நிழலிற் சேர்த்தலும், மாலையில் அவ்வவர் மனைக்கு உய்த்தலும் நாடோறும் வழுவாது நடந்தன. இரங்குதல் ஒருகணத்து நிகழ்வது; காத்தல் நாடோறும் செய்யவேண்டுவது. தெருவோரத்துக் குட்டியைக் கண்டு இரங்கியெடுத்து, ஆறு திங்களிற் சலித்துக் கைவிடுவார் இவ்வேறுபாட்டை உணராதவரேயாவர்.

நாயின் ஆயுள் பெரும்பான்மையும் 10 முதல் 15 ஆண்டுகளாம். ஆதலின் அதனை ஏற்றல் ஒருநாட் கொடையன்று, அத்துணையாண்டு நோன்பாம். குட்டியை 8 வாரத்திற்கு முன் தாயினின்றும் பிரித்தலாகாது. நாய் மக்களைப்போல உடம்பெங்கும் வியர்த்து வெம்மையாற்றுவதன்று. வாய்திறந்து நாநீட்டி இளைத்தலாலேயே பெரிதும் வெம்மை தணிக்கும். இதனையறியாதார் நண்பகலில் மொட்டைமாடியினும் வாயிற்புறத்தும் அதனைக் கட்டிவைத்து, நீர்க்கலம் காய்ந்ததும் நோக்காதிருக்கின்றனர். அடர்ந்த மயிர்போர்த்த பனிநாட்டுச் சைபீரியன் ஹஸ்கி முதலியவற்றைப் பெருமைகருதிச் சென்னை வெயிலிற் கொணர்ந்து வருத்துவாரும் உளர். இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என வழங்கும் நம் நாட்டினங்கள் வெயில் பொறுப்பன. எனினும் அவை வேட்டையினும் காவலினும் ஓடித்திரிந்த இனங்களாதலின், அடுக்குமாடிச் சிற்றறையில் நாள்முழுதும் அடைபடின் துன்புறும். எவ்வுயிரை ஏற்கின்றோமோ அவ்வுயிரின் இயல்பை முன்னறிதல் கடனுள் முதலாவதாம்.

இனி, நம் சமயத்தில் நாய்க்கு யாது இடமெனின், கூறுதும். மணிவாசகப் பெருமான் தம் தாழ்மை தோன்ற நாயேன், நாயினேன் என்று திருவாசகத்துப் பலவிடத்தும் தம்மைக் கூறிக்கொள்வர். வயிரவக் கடவுளுக்கு நாயே ஊர்தியாம். நாலடியார், தன்னைப் பயின்ற பாகனையே கொல்லும் யானையோடு, எறிந்த வேல் உடம்பிற் கிடக்கவும் தலைவனைக் கண்டு வால் குழைக்கும் நாயை வைத்து நோக்கி, நாயனையார் கேண்மையே கொள்ளத்தக்கதென்று கூறும். தேய்பிறை அட்டமியில் வயிரவர் திருமுன் விளக்கேற்றி மீள்வாருள், தம் வாயிலில் நான்கடிச் சங்கிலியிற் கட்டுண்டு புண்பட்ட கழுத்தோடு கிடக்கும் நாயை நோக்காது செல்வாரும் உளர். ஊர்தியை வணங்கி உயிரை மறத்தல் வழிபாட்டிற்குப் பொருந்துவதன்று.

இனித் தடைகளை எடுத்து விடை கூறுவாம். "நாயுடம்பெடுத்த உயிர் பசி, பிணி, அடி முதலியவற்றை நுகர்வது தன் பிராரத்தத்தாலன்றோ? அதனை மாற்ற நாம் யார்? ஆதலின் வளர்ப்பவன்மேற் குற்றமின்று" என்பார் உளர். இது வினைக்கொள்கையை அரைகுறையாகக் கற்றார் கூற்றென்க. நுகர்தற்குரிய வினையை அவ்வவ்வுயிர்க்குக் கூட்டுவிப்பான் இறைவன். அதுபற்றி, அத்துன்பத்திற்குக் கருவியாய் நின்றவனுக்கு ஆகாமியம் ஏறாதொழியாது. கொலையுண்டான் தன் வினையால் மாண்டானென்று கொலைஞனைத் தண்டியாது விடும் அரசு யாண்டுமில்லை. அன்றியும், துன்பம் வினையால் வருவதாயின், காப்பவனொருவன் மனையைச் சார்தலும் அவ்வுயிரின் வினையால் வந்ததேயாம். அவ்வாறு வந்த நல்வினைப்பயனை நாம் இடைமறித்தல் எவ்வாற்றாற் பொருந்தும்? பிறவுயிரின் துன்பத்தைக் கண்டவிடத்து அதன் வினையை நாம் எண்ணிக்கொண்டிருத்தல் வேண்டா. நமக்கு விதிக்கப்பட்ட கடனை எண்ணுதலே அமையும்.

இரண்டாவது தடை அயலார் பற்றியது. "என் நாய் ஒரு சிறுவனைக் கடித்தது. கடித்தது நாய், யான் அல்லேன். நாயின் செயல் என்னைச் சாருமாறென்னை?" என்பார் உளர். வேத சிவாகமங்கள் கூறும் விதியும் விலக்கும் மக்களை நோக்கியன; விலங்கினை நோக்கியனவல்ல. கடித்தல் தீதென்றறிந்து விலகும் அறிவு நாய்க்கில்லை. அறிவில்லாததன் செயலால் வருந் தீங்கைத் தடுத்தற்குரியான், அறிவுடையவனாய் அதனைக் காப்பில் ஏற்றவனே. அவன் தடுக்கத்தக்கவிடத்துத் தடாது விட்டமையின், அப்பழி அவனையே சாருமென்க.

இதற்கு மனுநீதி கண்ட சோழர் வரலாறு தக்க சான்றாம். திருவாரூர்த் திருவீதியில் அரசிளங்குமரன் ஊர்ந்த தேர்க்காலில் ஆன்கன்றொன்று அவன் அறியாமே புகுந்து மாண்டது. கழுவாய் செய்தமையலாமென்று அமைச்சர் கூறவும், அரசர் அதற்கு உடன்பட்டிலர். தன்னாலும், தன் பரிசனத்தாராலும், பகைவராலும், கள்வராலும், பிறவுயிர்களாலும் வரும் ஐவகை அச்சத்தையும் தீர்த்து உயிர்களைக் காப்பானே காவலனாவான் என்பது அவர் துணிபு. அரசனுக்குப் பரிசனம் எவ்வாறோ அவ்வாறே இல்வாழ்வானுக்கு அவன் வளர்க்கும் நாயும் ஆம். நாயினால் அயலார்க்கு வரும் அச்சம், பரிசனத்தால் வரும் அச்சமும் விலங்கால் வரும் அச்சமும் ஆகிய இரண்டும் ஒருங்கே கூடியதாம். "அஞ்சவேண்டா, அது கடிக்காது" என்று வாயாற் கூறிக்கொண்டு, கைவாரின்றி நாயைத் தெருவில் விடுவான் இவ்விரண்டனையுந் தீர்த்தவனாகான். தனக்குப் பழகிய நாய் பிறர்க்கும் பழகியதென எண்ணுதல் மயக்கவுணர்வேயாம்.

இங்ஙனங் கூறியது மிகையன்று. நாய்க்கடியால் வரும் வெறிநோய், குறி தோன்றியபின் ஏறக்குறையத் தப்பாது கொல்லும் இயல்பினது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 59,000 பேர் இதனால் மாள்கின்றனர். மக்கட்கு இந்நோய் வருதலில் 100க்கு 99 வரை நாயின் வழியாகவே நிகழ்கின்றது. மாள்வாருள் 100க்கு 40 பேர் 15 வயதிற்குட்பட்ட சிறார். இத்துணைக் கொடிய நோய் முழுதும் தடுக்கத்தக்கதென்பதே நாம் கருதவேண்டுவது. 1885ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள் பாரிசு நகரில் லூயி பாஸ்டர் என்னும் அறிஞர், வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தை முதன்முதற் செலுத்தி உய்வித்தார். நம் நாட்டிலே நீலகிரிக் குன்னூரில் 1907இல் அவர் பெயரால் நிலையம் தோன்றிற்று. குட்டிக்கு மூன்று திங்கள் நிரம்பியவுடன் ஒருமுறையும், அதன்பின் மருத்துவர் குறிக்கும் காலந்தோறும் ஊசியிடுவித்தல், வளர்ப்பவனுக்குச் சில நாழிகை உழைப்பே. அவ்வுழைப்பிற்குச் சோம்பியவன், பிறர் மகவின் உயிரைச் சூதிற் பணையமாக வைத்தவனாவான். கடி நேர்ந்தவிடத்துப் புண்ணை ஓடுநீரில் வழலை கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை செல்லுவித்தலும் நாயுடையான் கடனேயாம். நாயை மறைத்து வாதிடுதல் கடனன்று.

இந்நாட்டுச் சட்டமும் இந்நெறியையே தழுவிற்று. தன் கைவசமுள்ள விலங்கால் மக்களுயிர்க்கு இடர் நேராவண்ணம் காவாதவனுக்கு, 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 291ஆம் பிரிவு ஆறு திங்கள் வரை சிறையாதல், 5,000 ரூபா வரை ஒறுப்பாதல், இரண்டுமாதல் விதிக்கும். நாயை இடையறாது கட்டிவைத்து உலாவவிடாமையும், பசி நீர்வேட்கைகளால் வருந்துமாறு விலங்கைக் கைவிடுதலும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச்சட்டத்திற் குற்றமாகக் கூறப்பட்டன. ஆயின் அச்சட்டம் முதற்குற்றத்திற்கு விதித்த ஒறுப்பு 10 முதல் 50 ரூபாவே. ஐம்பது ரூபாவிற்கு அஞ்சி அறஞ்செய்வார் இலர். ஆதலின் சட்டம் நில்லாதவிடத்துச் சமயவுணர்வே நின்று காத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, "நாயை வாரிட்டு நடத்தலும் பயிற்றி அடக்குதலும் அவ்வுயிரை வருத்துதலாகாவோ?" எனின், ஆகா. இறைவன் கருணை அறக்கருணை, மறக்கருணை என இருவகைப்பட்டு நிகழுமென்றும், மறக்கருணையும் கருணையேயென்றும் நம் நூல்கள் கூறும். உயிரைத் தீங்கினின்றும் மீட்டற்பொருட்டுச் செய்யும் அடக்கம் மறக்கருணையின்பாற்படும். உந்துவண்டி நிறைந்த சாலையிற் கைவார் நாய்க்கும் காப்பு, வழிச்செல்வார்க்கும் காப்பு. பகலிரவு அவிழாத சங்கிலியோ கட்டினவன் சோம்பலுக்கே காப்பு. சினத்தால் அடித்தலும் பயிற்றலன்று. எப்பயன் கருதிக் கட்டினான் என்பதுகொண்டே இரண்டனையும் வேறுபடுத்தறிக.

நான்காவது, கருத்தடை பற்றியது. "உயிர்கள் பிறப்பெடுத்து வினை நுகரும் வாயிலை அடைத்தல் பாவமன்றோ?" என்று நம் சைவர் சிலர் ஐயுறுகின்றனர். ஐயம் நன்றே, ஆயினும் அது நிலைபெறாது. எவ்வுயிர்க்கு எவ்வுடம்பென வகுப்பவன் இறைவன். ஈண்டொரு வாயில் இல்லையாயின் அவன் கூட்டுவிக்க வல்லமையிலனாவான் என்றல் அவன் முதன்மைக்கு இழுக்காம். பெண்ணாய் ஏறத்தாழ 63 நாளிற் சூல்முதிர்ந்து, பெரும்பாலும் ஒருமுறைக்கு நான்கைந்து குட்டிகளை ஈனும். ஈன்றபின் அவற்றைக் கோணியிற் கட்டிக் குப்பைமேட்டினும் ஆற்றங்கரையினும் விடுவார் செயலே பாவமாவது. பிறவாமை செய்தலினும் பிறப்பித்துச் சாகவிடுதல் கொடிது. 2023ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகளும், வளர்ப்பு விலங்கிற்குக் குடற்புழு நீக்கல், தடுப்பூசி, கருத்தடை ஆகிய மூன்றும் உடையவன் பொறுப்பென்றே கூறும்.

ஐந்தாவது, புலால் மறுத்த சைவர்க்கு நேரும் இடர்ப்பாடு. நாய் ஓநாயினத்தினின்று பிரிந்து நெடுங்காலம் மக்களோடு வாழ்ந்தமையால், மாப்பொருளைச் செரிக்கும் ஆற்றலை ஓநாயினும் மிகுதியாகப் பெற்றுளது. ஆதலின் பூனையைப்போலப் புலாலின்றி வாழமாட்டாததன்று. எனினும் எஞ்சிய தயிர்ச்சோறே அதற்கு நிறைவுணவென்று கருதலாகாது. பருப்பு, பால்படு பொருள் முதலியவற்றாற் புரதமும் பிற சத்துக்களும் குறைவறுமாறு மருத்துவர் கூறும் அளவிற் கொடுத்தல் வேண்டும். வெங்காயம், கொடிமுந்திரி, சாக்லேட்டு என்பன அதற்கு நஞ்சாவன. இவ்வளவும் செய்ய இயலாதார் தம் விரதத்தைக் காத்துக்கொண்டு, நாய் வளர்த்தலை ஒழிதலே தக்கது. தம் விரதத்தின் சுமையை வாயில்லா உயிரின் வயிற்றிலேற்றுதல் விரதமாகாது.

தூய்மைபற்றியும் ஒன்று கூறவேண்டும். பூசையறையில் நாயைப் புகவிடாமை ஆசாரமே. அவ்வாசாரம் உடையாருள்ளும், இறைவன் திருவுலாப்போதரும் மாடவீதியில் நாயை நடத்திச்சென்று, அது கழித்ததனை எடாது விட்டு மீள்வார் உளர். அவ்வீதியிலே அடியார் வெறுங்காலோடு வலம்வருகின்றனர்; அங்கப்பிரதக்கிணமும் நிகழ்கின்றது. நாயின் மலத்தின் வழியாகக் குடற்புழுக்கள் மக்களையும் பற்றும். தன் மனைக்குள் தூய்மையும் திருவீதிக்கு மாசும் வகுத்தல் ஆசாரமாகாது. கையுறையாதல் தாளாதல் கொண்டு எடுத்தகற்றுதலே அவ்விடத்துச் செய்யத்தகும் திருத்தொண்டாம்.

இறுதியாகக் கைவிடுதலைக் கூறுவாம். ஏனைக் குற்றங்களெல்லாவற்றினும் இதுவே பெரிதாகலின். நாய் மூப்படைந்தபோதும், நோயுற்றபோதும், இல்லத்தார் வேற்றூர் பெயருங்காலும், "திருக்கோயில் வாயிலில் விட்டால் அடியார் இடும் சோறுண்டு பிழைக்கும், மடத்தருகே விட்டால் எச்சிலுண்டு வாழும்" என்று விட்டுச்செல்வார் உளர். மனைக்குள் வளர்ந்த நாய், தமக்கென இடம் வகுத்துக்கொண்ட தெருநாய்க் கூட்டத்தில் நிலைபெறாது. கடியுண்டும் பட்டினியாலும் சில நாளில் அழிவது பெரும்பான்மை. உய்ந்தவிடத்தும், ஊசியிடப்படாத நாயைப் பல்லாயிரவர் கூடுமிடத்து விடுதல் அடியார்க்குச் செய்யுந் தீங்காம். சிவன் திருவாயிலை நம் கடனைக் கழித்துவிடும் இடமாக்குதல் சிவாபராதமென்றே கொள்க.

வியாச பாரதம் ஆதிபருவத்தொடக்கத்தில், குற்றஞ்செய்யாத நாய்க்குட்டியை அடித்த சனமேசயன் தம்பியர் பொருட்டு அவன் சரமை என்னும் தாய்நாயாற் சபிக்கப்பட்டமையைக் கூறும். மகாப்பிரத்தானிக பருவத்திலோ, தன்னைத் தொடர்ந்துவந்த நாயை விட்டுத் தேரேறுமாறு இந்திரன் கூற, தருமன் மறுத்தமை கூறப்படும். நாயுடையார்க்கு விண்ணுலகில் இடமின்றென இந்திரன் ஆசாரம் பற்றியே தடுத்தான். பத்தியுடையதனைக் கைவிடுதல் பிராமணனைக் கொன்ற பாவத்தோடு ஒக்குமெனத் தருமன் விடையிறுத்தான். அந்நாய் அறக்கடவுளே என்பது பின்னரே அவனுக்குத் தெரிந்தது. அறக்கடவுளென்றறிந்து காத்திலன், நாயென்றே கருதிக் காத்தான் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மடங்களினும் கோயில்களினும் தெருநாய்கட்கு நாடோறும் சோறிடுவார்க்குக் கடன் யாதெனின், அதனையும் கூறி முடிப்பாம். வைசுவதேவத்தின் முடிவில் நாய்க்கும் காக்கைக்கும் இடும் பலி பூதயஞ்ஞத்தின்பாற்படும். அதனால் இட்டவன் வளர்ப்பவனாகான். ஓரிடத்து ஒருபொழுதில் நாடோறும் இட்டு நாய்களைத் தம் வாயிலோடு பிணித்துக்கொண்டாரோ, அவை அவ்வாயிலைத் தமதெனக் கொண்டு வழிச்செல்வாரைத் துரத்துதலின், காப்பின் ஒருபகுதியை ஏற்றவராவர். அவர், ஊராட்சியாரையும் மருத்துவரையும் கூட்டி அந்நாய்கட்கு ஊசியும் கருத்தடையும் செய்வித்தல் வேண்டும். ஒருநாட் சோற்றுச்செலவிற் சிறிது ஒதுக்கினும் அது முடியுமென்பது எம் கருத்து. நம் திருமடங்கள் இதனை ஆண்டுதோறும் ஒருநாள் வகுத்துச் செய்யுமாயின், அவ்வவ்வூர் மக்கள் அதனைக் கண்டு பின்பற்றுவர்.

ஆகவே, காலமும் இடமும் பொருளும் பொறுமையும் இல்லாதார் நாயை ஏலாதொழிக. ஏற்றார், உணவும் நீரும் நிழலும் உலாவும் மருந்தும் குறைவறக் கொடுத்து, அதனால் அயலார்க்கு அச்சமும் பிணியும் வாராவண்ணம் காத்து, மூப்பினும் நோயினும் கைவிடாது இறுதிவரை உடனிருக்க. ஏற்றபின் விடாமை இறைவன் நம்மாட்டுச் செய்துவருவது. நாம் அவனிடத்துப் பெற்றுவருவதனைச் சிறிதளவேனும் நம்மையடைந்த உயிரினிடத்துச் செய்தல் அவனுக்கு உவப்பாமென்க.

திருச்சிற்றம்பலம்.